3.42-ஐக் கழற்றிவிட்டு 4.10: லோடு இழுக்கும் டீசல் பிக்கப்பில் ஒரு வருட அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பிக்கப்புக்கு 4.10 கிரவுன் பினியன் (ஆக்சிலுக்குள் இருக்கும் கியர் செட், 4.10 அதன் பல் விகிதம்) போட்டது சரியான முடிவு. ஒரு வருடம், ஏறக்குறைய 21,000 கிலோமீட்டர், அதில் பாதிக்கு மேல் டிரெய்லரோடு ஓட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லோரும் 4.10 வாங்கக் கிளம்பிவிட வேண்டாம். என் வண்டிக்குப் பொருந்திய காரணம் உங்கள் வண்டிக்குப் பொருந்தாமல் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது, அதை எப்படிக் கணக்குப் போட்டுப் பார்ப்பது என்பதைத்தான் கீழே அதிகம் எழுதியிருக்கிறேன்.

வண்டி ஆறு சிலிண்டர் டீசல், ஆறு கியர் ஆட்டோமேட்டிக், நான்கு சக்கர இழுவை. கம்பெனியில் வந்தது 3.42 ஆக்சில், 265/70 ஆர் 17 டயர். பின்னால் இழுப்பது இரண்டு ஆக்சில் டிரெய்லர், அதன்மேல் ஒரு சின்ன எக்ஸ்கவேட்டர், பக்கெட்டுகள், கொஞ்சம் சாமான். எடை மேடையில் ஏற்றிப் பார்த்ததில் டிரெய்லர் மட்டும் 5.4 டன், வண்டி 3.5 டன், மொத்தம் 9 டன்னுக்குக் கொஞ்சம் கீழே. வாரத்துக்கு மூன்று நாலு நாள் இந்த லோடு பின்னால் இருக்கும்.

பிரச்சினையை ஆரம்பித்து வைத்தது நான்தான். வேலை நடக்கிற இடங்களுக்குப் போகும் மண்பாதைகளில் கல்லும் சேறும் அதிகம் என்று 35 இஞ்ச் டயருக்கு மாறினேன். பாதையில் வண்டி பிரமாதமாகப் போனது. நெடுஞ்சாலையில் லோடோடு ஏறிய அன்றே தெரிந்துவிட்டது ஏதோ சரியில்லை என்று. 90-ல் போகும்போது ஆறாவது கியரில் இருக்கும், லேசாக ஒரு மேடு வந்தால் ஐந்துக்கு இறங்கும், மேடு முடிவதற்குள்ளேயே ஆறுக்கு ஏறும், ஏறிய உடனே மூச்சு முட்டி மறுபடி ஐந்துக்கு வரும். சமதரையா மேடா என்று கண்ணுக்கே தெரியாத சாலையிலும் இதே கதை. ஒவ்வொரு முறையும் டார்க் கன்வர்ட்டரின் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் பாகம்) லாக் விட்டுப் பிடிக்கும், அந்த நேரமெல்லாம் எண்ணெய் சூடாகும். முன்பு 93 டிகிரியைத் தாண்டாத கியர்பாக்ஸ் வெப்பம் 107 வரை போனதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு லோடோடு கிளம்பினாலே ஆறாவது கியரைப் பட்டனில் அடைத்துவிட்டு ஓட்ட ஆரம்பித்தேன். ஆறு கியர் வண்டியை ஐந்து கியர் வண்டியாக ஓட்டிக்கொண்டிருக்கிறோமே என்ற எண்ணம் வந்த பிறகுதான் ஆக்சிலைப் பற்றி உட்கார்ந்து யோசித்தேன்.

இந்த எண் என்ன என்று தெரியாதவர்களுக்காக: ஆக்சில் ஹவுசிங்குக்குள் பெரிய கிரவுன் வீல் ஒன்று, அதைச் சுற்றுகிற சின்ன பினியன் ஒன்று. கிரவுனின் பல் எண்ணிக்கையைப் பினியனின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் ரேஷியோ. 41-ஐ 12-ஆல் வகுத்தால் 3.42, 11-ஆல் வகுத்தால் 3.73, 10-ஆல் வகுத்தால் 4.10. அதாவது இந்த மூன்று செட்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் பினியனில் ஒவ்வொரு பல்தான். பழைய பினியனையும் புதியதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், 10 பல் பினியனின் தலை கண்ணுக்கே தெரிகிற மாதிரி சிறுத்திருந்தது. எண் பெரிதாகப் பெரிதாகப் பினியன் சிறுக்கும், அதனால் கண்ணை மூடிக்கொண்டு பெரிய எண்ணுக்குப் போவதும் சரியில்லை என்பதை அந்த ஒரு காட்சியே எனக்குப் புரியவைத்தது.

எண் ஏறினால் சக்கரத்துக்குப் போகும் இழுவை ஏறும், அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகமாகச் சுற்றும். 3.42-லிருந்து 4.10 என்றால் எல்லாக் கியரிலும் 20 சதவீதம். 3.73-லிருந்து 4.10 என்றால் 10 சதவீதம்தான்.

இனி டயர். இதைப் பலரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, ஆனால் பாதிக் கதை இங்கேதான் இருக்கிறது. டயரின் பக்கத்தில் 35 என்று எழுதியிருப்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். லோடு மாட்டி, வழக்கமாக வைக்கும் காற்று வைத்து, டயரின் அடியிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன், வண்டியை மெல்ல உருட்டி டயரில் போட்ட கோடு மறுபடி தரையைத் தொடும் இடத்தில் இன்னொரு கோடு, இரண்டுக்கும் நடுவில் டேப்பை வைத்தால் 2.69 மீட்டர். அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 33.7 இஞ்ச் வருகிறது. 35 எங்கே, 33.7 எங்கே. பழைய டயரையும் இதே மாதிரி அளந்தேன், 31.6 இஞ்ச் வரவேண்டியது 30.7 வந்தது. ரேடியல் டயர் எடை ஏறினால் அமுங்கும், உருளும்போது அதன் உண்மையான அளவு எழுதியிருப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இந்த இரண்டு அளவும் கையில் இருந்தால் ஒரு விஷயம் தெளிவாகிவிடும். 3.42-ஐ 30.7-ஆல் பெருக்கி 33.7-ஆல் வகுத்தால் 3.12. அதாவது டயர் மாற்றிய அன்றே என் ஆக்சில் 3.42-லிருந்து 3.12 ஆகிவிட்டது, யாரும் எதையும் கழற்றாமலேயே. 9 டன் இழுக்கிற வண்டிக்கு யாராவது 3.12 ஆக்சில் கொடுப்பார்களா? இதே கணக்கில் 3.73 போட்டால் 3.40, அதாவது கம்பெனியில் வந்த நிலைக்குத் திரும்புவேன், அவ்வளவுதான். 4.10 போட்டால் 3.73 அல்லது 3.74. எல்லோரும் 4.10 என்றால் ஏதோ முரட்டு கியர் என்று நினைக்கிறார்கள், என் வண்டியில் அது பழைய டயரோடு இருக்கும் சாதாரண 3.73-க்குச் சமம். இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது.

சரி, ஆர்பிஎம் கணக்கு, அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது. மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை ஆக்சில் ரேஷியோவால் பெருக்குங்கள், அந்தக் கியரின் ரேஷியோவால் பெருக்குங்கள், 209-ஆல் பெருக்குங்கள், கடைசியில் டயரின் விட்டத்தால் வகுங்கள், விட்டம் இஞ்ச்சில் இருக்கவேண்டும். லாக் ஆகியிருக்கும்போது வரும் இன்ஜின் சுழற்சி இதுதான். என் கியர்பாக்ஸில் முதல் கியர் 3.23, அப்புறம் 1.84, 1.41, 1.00, 0.82, 0.63. லோடோடு நான் போகும் வேகம் 90. பழைய டயர், 3.42 ஆக்சில்: ஆறாவதில் 1320, ஐந்தாவதில் 1720. பெரிய டயர் போட்டதும் ஆறாவதில் 1200, ஐந்தாவதில் 1565. 4.10 போட்ட பிறகு ஆறாவதில் 1440, ஐந்தாவதில் 1880.

6.6, 6.7 லிட்டர் அளவில் வருகிற பெரிய பிக்கப் டீசல்கள் முழு டார்க்கை, அதாவது முறுக்கு விசையை, கொடுப்பது 1600-லிருந்து 1800 வரையான இடத்தில். 1200-ல் அந்த இன்ஜினிடம் லோடோடு மேடு ஏறச் சொன்னால், டர்போ இன்னும் சரியாகக் காற்றுத் தள்ள ஆரம்பிக்காத இடத்தில் டீசலை மட்டும் அதிகமாக ஊற்றவேண்டி வரும், புகைப்போக்கி வெப்பம் ஏறும், பிஸ்டன்மேல் அழுத்தம் ஏறும், விசிறியும் தண்ணீர் பம்ப்பும் மெதுவாகச் சுற்றும். ஆர்பிஎம் குறைவாக இருந்தால் இன்ஜினுக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, காலி வண்டிக்கு அது சரி. லோடு பின்னால் இருக்கும்போது 1200-ல் திணறுவதைவிட 1700-ல் நிதானமாகச் சுற்றுவது இன்ஜினுக்கு எவ்வளவோ மேல்.

இப்போது நான் எதிர்பார்க்காத ஒரு விஷயம். செங்குத்தான நீளமான ஏற்றத்தில் 4.10 பெரிய மாற்றம் எதையும் கொண்டுவரவில்லை. முதலில் ஏமாற்றமாக இருந்தது. நான் வாரம் தவறாமல் ஏறுகிற ஏற்றம் ஒன்று உண்டு, சாய்வு 6 சதவீதம். முன்பு அதில் 80 வேகத்தில் நாலாவது கியரில் 1700-ல் ஏறுவேன். இப்போதும் 80, இப்போதும் 1670, கியர் மட்டும் ஐந்து. பேப்பரில் எழுதிப் பார்த்தால் காரணம் புரிகிறது: பழைய 3.42-ஐ நாலாவது கியரின் 1.00-ஆல் பெருக்கினால் 3.42, புதிய 4.10-ஐ ஐந்தாவதின் 0.82-ஆல் பெருக்கினால் 3.36. ரெண்டும் ஏறத்தாழ ஒன்று. கியர்பாக்ஸ் ஒரு கியர் இறங்கி எனக்கு ஏற்கெனவே செய்துகொடுத்துக்கொண்டிருந்த வேலையைத்தான் ஆக்சிலும் செய்கிறது. அதனால் "மலை ஏறவே முடியவில்லை, கியர் மாற்றினால் ஏறுமா" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இன்ஜினின் குதிரைத்திறன் ஏறாது, இறங்கிய கியரில் வண்டி ஏற்கெனவே நல்ல ஆர்பிஎம்மில் இருந்தால் ஏற்றத்தின் உச்சிக்கு நீங்கள் போய்ச் சேரும் நேரம் மாறவே மாறாது.

அப்படியென்றால் பலன் எங்கே? மற்ற எல்லா இடத்திலும். லேசான 2, 3 சதவீத மேடுகள்தான் ஒரு நாளில் அதிகம் வருபவை, அங்கே கியர் மாறி மாறிக் குதிப்பது நின்றுவிட்டது. என் கியர்பாக்ஸில் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் இடைவெளி பெரிது, 0.82-லிருந்து 0.63 என்றால் ஒரே தாவலில் ஆர்பிஎம் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக விழுகிறது. ஆறாவது 1200-ல் இருந்தபோது அந்தத் தாவல் பள்ளத்தில் விழுவது மாதிரி. இப்போது 1440-ல் நிற்பதால், மேடு வந்தாலும் அங்கேயே கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகிறது, முடியாவிட்டால் ஐந்துக்கு வந்து ஒழுங்காக அங்கேயே இருக்கிறது. கியர்பாக்ஸ் வெப்பம் அதே சாலையில், அதே லோடுக்கு, 95, 96-ல் நிற்கிறது. பட்டனில் ஆறாவதை அடைத்து வருடம் ஒன்றாகிறது, இப்போது தொடுவதே இல்லை.

பின்பக்கமாக டிரெய்லரைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏற்றுவது, இதை யாரும் ஆக்சில் பேச்சில் சேர்ப்பதில்லை. வேலையிடத்தில் சரிவான மண்பாதையில் 5 டன்னைப் பின்னால் தள்ளவேண்டும், திருப்பம் வேறு, பக்கத்தில் ஆள் நின்று கை காட்டுகிறார். 3.42-ல் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஒரு நொடி ஒன்றும் நடக்காது, அப்புறம் கன்வர்ட்டர் பிடித்து வண்டி ஒரு துள்ளு துள்ளும், உடனே பிரேக். அந்தத் துள்ளலில் டிரெய்லர் கோணம் மாறிவிடும், மறுபடி முன்னால் வந்து நேர் செய்யவேண்டும். இப்போது கால் வைத்த அளவுக்கு வண்டி நகர்கிறது. ஒரு விரற்கடை வேண்டும் என்றால் ஒரு விரற்கடை. என் முதல் கியரை ஆக்சிலோடு பெருக்கினால் முன்பு 11.05, இப்போது 13.24. ரிவர்ஸிலும் இதே விகிதம். வேலைநாளின் முடிவில் உடம்பு களைத்திருக்கும்போது இந்த ஒன்றுக்காகவே செலவு செய்தது தகும் என்று தோன்றும்.

இறக்கத்திலும் நல்ல வித்தியாசம். எக்ஸாஸ்ட் பிரேக்கின் (புகை வெளியேறுவதைத் தடுத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) பிடி ஆர்பிஎம் ஏற ஏறக் கூடும். 60 வேகத்தில் மூன்றாவது கியரில் இறங்கும்போது முன்பு 1800, இப்போது 2150. முன்பு அந்த இறக்கத்தில் நாலைந்து தடவை கால் பிரேக்கைத் தொடுவேன், இப்போது ஒரு தடவை, சில நாள் அதுவும் இல்லை. டிரெய்லர் பிரேக்கின் வாடை வராமல் கீழே வந்து சேர்வது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இன்னொன்றும் உண்டு, இது கண்ணுக்குத் தெரியாத லாபம். சக்கரத்தில் அதே இழுவை வேண்டும் என்றால், ஆக்சில் ரேஷியோ ஏறும்போது டிரைவ் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் தண்டு) கொடுக்கவேண்டிய முறுக்கு குறைகிறது. 3.42-லிருந்து 4.10-க்கு ஏறக்குறைய 17 சதவீதம் குறைவு. ஷாஃப்ட், யூனிவர்சல் ஜாயின்ட், கியர்பாக்ஸின் பின்பாகம் எல்லாவற்றுக்கும் அந்த அளவு பாரம் இறங்குகிறது.

இதுவரை சொன்னது என் வண்டிக்கு. புது வண்டி வாங்குபவர்கள், அதுவும் 10 கியர் பெட்டியோடு வாங்குபவர்கள், என் எண்ணைப் பார்த்து முடிவெடுத்தால் தப்பாகப் போகும். ஃபோர்டு சூப்பர் டியூட்டியில் 2020 மாடலிலிருந்து டீசலோடு வருகிற 10 கியர் பெட்டியில் முதல் கியர் 4.62, கடைசி 0.63. அதை 3.31 ஆக்சிலோடு பெருக்கினால் 15.3 வருகிறது. என் 4.10-ஐவிட அந்த 3.31 கிளம்பும்போது அதிகமாக இழுக்கும்! 3.31 என்ற எண்ணைப் பார்த்து "இது லோடு வண்டி ஆக்சில் இல்லை" என்று ஒதுக்குபவர்கள் இந்தப் பெருக்கலை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். நடுவில் கியர்களும் நெருக்கமாக இருப்பதால், நெடுஞ்சாலையில் பெரும்பாலான வேகத்துக்கு 1600-க்கும் 2000-க்கும் நடுவில் ஒரு கியர் கிடைத்துவிடும். ஜெனரல் மோட்டார்ஸும் இதைத்தான் செய்தார்கள்: ஆறு கியர் அலிசன் கியர்பாக்ஸ் இருந்த காலத்தில் தங்கள் டியூராமேக்ஸ் டீசல் இன்ஜினுக்கு 3.73 ஆக்சில் கொடுத்தவர்கள், 2020-ல் 10 கியர் வந்ததும் 3.42-க்கு இறங்கினார்கள், இழுக்கும் எடையின் மதிப்பீடு குறையவில்லை, ஏறியது. அதே சமயம் ஃபோர்டு எஃப்-450 பிக்கப்புக்கு 10 கியரோடும் 4.30 ஆக்சில் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அந்த வண்டி வாங்குபவர் தினமும் மிகப் பெரிய எடையை இழுக்கப்போகிறார் என்ற முடிவோடு கட்டியது அது. ஆக, ஆக்சில் எண்ணைத் தனியாக எடுத்து இது நல்லது அது கெட்டது என்று பேசுவதில் அர்த்தமே இல்லை. கியர்பாக்ஸ், டயர், ஆக்சில் மூன்றையும் சேர்த்துப் பெருக்கினால் வரும் எண்தான் வண்டியை ஓட்டுகிறது.

சரி, மாற்றிய அனுபவம். நான்கு சக்கர இழுவை வண்டி என்பதால் முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டையும் மாற்றியே ஆகவேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு "நான் நான்கு சக்கரம் போடவே மாட்டேன்" என்று சொல்லிக்கொள்பவர்கள் உண்டு, என்றாவது ஒரு நாள் சேற்றில் மாட்டி லீவரைப் போட்டால் முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற முயன்று, இரண்டுக்கும் இழுவையைப் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும். செலவு இரட்டிப்பு என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்த முடிவுக்கு வரவேண்டும். சில ஆக்சில்களில் குறிப்பிட்ட ரேஷியோவைத் தாண்டினால் கிரவுன் உட்காரும் கேரியரையும் மாற்றவேண்டி வரும், செட் வாங்குவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். பேரிங், சீல், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) அடங்கிய முழு கிட் வாங்கினேன், பழைய பேரிங்கை அப்படியே போட்டு மிச்சம் பிடிக்கும் இடம் இது இல்லை.

முதலில் கொடுத்த பட்டறையில் எனக்கு நல்ல அனுபவம் இல்லை. ஒன்றரை நாளில் முடித்துக் கையில் சாவி கொடுத்தார்கள். 70-க்கும் 85-க்கும் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்தால் பின்னாலிருந்து ஒரு முனகல், தூரத்தில் யாரோ ஒரே சுருதியில் பாடுவது மாதிரி. "புது கியர், ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றார்கள். சரியாகவில்லை. நன்றாக அமைத்த கிரவுன் பினியன் முதல் நாளிலிருந்தே சத்தமில்லாமல் ஓடவேண்டும், பாடுகிற கியர் ஓடி ஓடித் தேயுமே தவிரத் தானாக அமைதியாகாது. இது தெரிந்திருந்தால் அன்றே வண்டியை வாங்கியிருக்க மாட்டேன்.

இரண்டாவதாகப் போன இடத்தில் இருந்த மெக்கானிக் வயதானவர், அதிகம் பேசமாட்டார். பின் மூடியைக் கழற்றி, எண்ணெயை வடித்து, பற்களைத் துணியால் துடைத்து, நாலைந்து பல்லில் மஞ்சள் பேஸ்ட்டைப் பிரஷ்ஷால் தடவினார். கிரவுனை ஒரு கையால் தடுத்துப் பிடித்துக்கொண்டே பினியனை முன்னும் பின்னும் சுற்றினார். பிறகு டார்ச்சை என் கையில் கொடுத்து "பாருங்க" என்றார். மஞ்சளில் பல் பட்ட இடம் மட்டும் வழித்து விட்டது மாதிரி தெரிந்தது. அந்தத் தடம் பல்லின் நடுவில் நீளவட்டமாக விழவேண்டும், என் கியரில் பல்லின் அடியில், வேர் பக்கமாக ஒட்டிக் கிடந்தது. பினியன் தேவைக்கு அதிகமாக உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். பினியனைக் கழற்றி, பேரிங்கின் கீழே இருந்த ஷிம்மை மெலிதாக மாற்றி, மறுபடி பூட்டி, மறுபடி பேஸ்ட் தடவி, மூன்று முறை இப்படிச் செய்த பிறகு தடம் நடுவுக்கு வந்தது. டயல் கேஜ் வைத்துப் பல் இடைவெளியையும் காட்டினார், 0.2 மில்லிமீட்டர். வழக்கமாக 0.15-லிருந்து 0.25 வரை இருக்கலாம் என்றார். தலைமுடி இரண்டு மூன்றின் தடிமன்தான் இந்த வேலையில் நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவில் இருக்கிற தூரம், அதனால்தான் சொல்கிறேன், எந்தப் பிராண்ட் கியர் வாங்குவது என்று ஒரு மாதம் ஆராய்வதைவிட யார் அதைப் பூட்டப்போகிறார் என்று ஒரு மாதம் விசாரிப்பது மேல். பட்டறையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பல் தடத்தை எனக்குக் காட்டுவீர்களா? காட்டுகிறேன் என்று உடனே சொல்பவரிடம் கொடுங்கள்.

பூட்டிய பிறகு பொறுமை வேண்டும். முதல் நாள் 25, 30 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி நிறுத்தி முழுவதும் ஆறவிட்டேன், இப்படி மூன்று நாலு முறை. முதல் 800 கிலோமீட்டருக்கு டிரெய்லர் மாட்டவே இல்லை, அப்புறம் எண்ணெயை மாற்றினேன். வடித்த எண்ணெய் சாம்பல் மினுமினுப்போடு இருந்தது, காந்தத்தில் மாவு மாதிரி பொடி ஒட்டியிருந்தது. மாவாக இருந்தால் பயமில்லை, செதில் செதிலாக வந்தால்தான் பயப்படவேண்டும். லோடும் முதலில் குறுகிய தூரத்துக்கு மட்டும். புதுப் பல் தேய்ந்து பழகாத நிலையில் 9 டன்னை மாட்டி மேட்டில் ஏற்றினால் எண்ணெய் கொதித்துப் பல்லின் மேல்பரப்பு வெந்துபோகும். வேலை நாட்கள் வீணாகிறதே என்று எனக்கும் கை துறுதுறுத்தது, பொறுத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று.

வண்டியின் கம்ப்யூட்டருக்குப் புது ஆக்சில் ரேஷியோவையும் டயர் அளவையும் சொல்லிவிடவேண்டும். டயர் மட்டும் மாற்றியிருந்தபோது ஸ்பீடோமீட்டர் 90 காட்டினால் உண்மையில் 99-ல் போய்க்கொண்டிருந்தேன், அதை முதலில் கவனிக்கவே இல்லை. வேகம் மட்டும் இல்லை, எப்போது கியர் மாற்றுவது, எப்போது லாக் போடுவது எல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான் நடக்கிறது.

குறைகளையும் சொல்லவேண்டும். காலி வண்டியில் 110-ல் போகும்போது முன்பு 1470, இப்போது 1760. உள்ளே சத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, நீண்ட பயணத்தில் தெரியும். டீசல் செலவு காலியாக 100 கிலோமீட்டருக்கு 14-லிருந்து 14.6 லிட்டர் ஆனது. லோடோடு 21.5 இருந்தது 21.1-க்கு வந்தது, இதை லாபம் என்று சொல்லமாட்டேன், காற்று கொஞ்சம் எதிரே அடித்தாலே இந்த வித்தியாசம் மறைந்துவிடும். டீசல் மிச்சமாகும் என்று யாராவது சொல்லி இந்த வேலையைச் செய்யவைத்தால் நம்பாதீர்கள். டிரைவ் ஷாஃப்ட் 20 சதவீதம் வேகமாகச் சுற்றுவதால் அதில் முன்பே இருந்த சின்னக் குறை வெளியே வந்தது, 105-க்கு மேல் லேசான அதிர்வு, நடு பேரிங்கை மாற்றிய பிறகுதான் போனது.

முக்கியமான இன்னொன்று. ஒரே மாடலில் 3.73-க்கும் 4.10-க்கும் கம்பெனி வெவ்வேறு இழுப்பு எடை போடுவது உண்மைதான். அதற்காக நாமே ஆக்சிலை மாற்றிவிட்டு அந்தப் பெரிய எண் இப்போது நமக்கும் பொருந்தும் என்று நினைக்கக்கூடாது. கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிற எடைதான் இன்னும் உங்கள் எடை. பிரேக், வண்டியின் அடிச்சட்டம், ஸ்பிரிங், கூலர் எதுவும் மாறவில்லையே.

யாருக்கு எது என்று கேட்டால்: கம்பெனி டயரோடு, ஆறு கியர் பெட்டியோடு, மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை 3 டன் படகோ கேரவனோ இழுப்பவருக்கு 3.42 தாராளமாகப் போதும், ஐந்தாவது கியரில் ஓட்டினால் முடிந்தது. அதே வண்டியில் வாரம் முழுக்க 5 டன்னுக்கு மேல் என்றால் 3.73. 35 இஞ்ச் டயர் போட்டுவிட்டு அதே வேலை செய்வதென்றால் 4.10. 37 இஞ்ச் டயர் போட்டவர்கள் 4.56 பற்றி யோசிக்கலாம், ஆனால் அவ்வளவு பெரிய டயரோடு கனமான லோடு இழுப்பதையே நான் பரிந்துரைக்க மாட்டேன், பிரேக் பிடிப்பதில் தெரிந்துவிடும். 10 கியர் வண்டி வாங்கப்போகிறவர்கள் 3.31, 3.55 என்று எது கிடைக்கிறதோ அதை வாங்கிவிட்டு, மிச்சக் காசை நல்ல டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலருக்குச் செலவிடுங்கள்.

இரண்டாவது பட்டறை பூட்டிய பிறகு ஆக்சிலில் சத்தம் இல்லை, கசிவு இல்லை. போன வாரம் 20,000-த்துக்கான எண்ணெய் மாற்றினேன், 75டபிள்யூ90, காந்தத்தில் ஒரு மெல்லிய படலம், வேறு ஒன்றும் இல்லை. பழைய 3.42 செட்டை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், என்றாவது 265 டயருக்கே திரும்பினால் பயன்படும்.